உப்பு விழும் நேரம்

(மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேமரன் மலையில் தேயிலைக்கு அடுத்தபடி கண்ணில் படுவது பிளாஸ்டிக் கூரைதான். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் சரிவெல்லாம் கூரை. கூரைக்குக் கீழே தக்காளி, குடைமிளகாய், ஸ்ட்ராபெரி. உள்ளே போனால் ஓரமாக இரண்டு தொட்டிகள் நிற்கும். ஒன்றின் மேல் ‘ஏ’, மற்றதன் மேல் ‘பி’. ஏ தொட்டியில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச் சத்தும். பி தொட்டியில் மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் பாஸ்பேட் முதலானவை. வேலைக்குப் புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: இரண்டையும் நேராகக் கலக்காதே. கலந்தால் கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகும், பாஸ்பேட்டோடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகும். காசு கொடுத்து வாங்கிய உரம் வெள்ளை வண்டலாக அடியில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றையும் நூறு மடங்கு தண்ணீரில் விட்டுக் கலந்தால் ஒன்றும் ஆவதில்லை. கால்சியம் நூறில் ஒரு பங்கு, சல்பேட் நூறில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து படிகமாகுமா என்பதைத் தீர்மானிப்பது அவற்றின் பெருக்கற்பலன். அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இங்கே வேலையில்லை. சொட்டுநீர்க் குழாயின் முனையில், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையில், கடைசித் துளி காய்கிறது. நீர் போய்விடும், உப்பு போகாது. நாளடைவில் முனையில் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டும். டிரிப்பர் அடைத்துக்கொண்டது, அந்த ஒரு பையிலிருக்கும் செடி மட்டும் உச்சி வெயிலில் தலை சாய்கிறது என்றுதான் தோட்டக்காரருக்கு முதலில் தெரியும். அமிலம் விட்டுக் கழுவலாம். அல்லது கடையில் ஒரு கேனில் திரவம் விற்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்குச் சில கிராம் போதும் என்பார்கள். அதே ஆயிரம் லிட்டரில் கரைந்திருக்கும் உரம் ஏறக்குறைய 2 கிலோ. சில கிராம் சரக்கு 2 கிலோ உப்பை எப்படிக் கட்டிப்போடும்? அந்தக் கேனில் இருப்பது பெரும்பாலும் ஒரு பாலிமர், அல்லது பாஸ்பரஸ் கலந்த அதன் உறவுக்காரப் பொருள். உப்பை அது கரைப்பதுமில்லை, நீக்குவதுமில்லை. உப்பு விழும் நேரத்தை மாற்றுகிறது. இன்றைய பேச்சு அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான்.

ஒரு கரைசல் தாங்கக்கூடிய அளவுக்கு மேலும் உப்பைச் சுமந்துகொண்டிருக்கும் நிலையை மீத்தெவிட்டிய நிலை என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கே படிகம் எப்படி வளர்கிறது? மழமழவென்றிருக்கும் படிக முகத்தின் நடுவில் வந்து இறங்கும் ஓர் அயனிக்கு அடியில் மட்டுமே பிடிமானம். பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். பாதி போட்டு நிற்கும் ஓர் அடுக்கின் விளிம்பில், அதிலும் விளிம்பு மடங்கும் மூலையில் வந்து சேர்ந்தால் பல பக்கமும் பிடிப்பு உண்டு, தங்கிவிடும். ஆக, படிகம் முகத்தில் வளர்வதில்லை, விளிம்பில் வளர்கிறது. ஓர் அடுக்கு முடிந்ததும் அடுத்த விளிம்பு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு 1949-இல் இயற்பியலர் சார்ல்ஸ் ஃபிராங்க் பதில் சொன்னார்: படிகத்துக்குள் இருக்கும் திருகிய பிழை ஒன்று சுருள் படிக்கட்டாக மேலே வந்துகொண்டே இருக்கும், அதன் விளிம்பு தீரவே தீராது. பர்ட்டன், கப்ரேரா, ஃபிராங்க் மூவரும் 1951-இல் அதை முழுக் கோட்பாடாக்கினார்கள். பிழையில்லாத படிகமாக இருந்தால் வளர்வது பெரும்பாடு என்பதை நான் மாணவர்களிடம் கொஞ்சம் மகிழ்ச்சியோடுதான் சொல்வேன்.

விளிம்பில்தான் வளர்ச்சி என்றால், அதை நிறுத்த முகம் முழுக்கப் பூச வேண்டியதில்லை. விளிம்பு போகும் வழியில் அங்கங்கே ஏதாவது ஒட்டிக்கொண்டால் போதும். விளிம்பு அந்தத் தடைகளுக்கு நடுவே வளைந்து புகுந்து போகப் பார்க்கும். வளைவு அதிகமாக அதிகமாக அங்கிருக்கும் அயனிகள் கரைசலுக்கே திரும்பப் பார்க்கும். இடைவெளி ஓர் அளவுக்குக் கீழே போனால் விளிம்பு அப்படியே நின்றுவிடும். கப்ரேராவும் வெர்மில்யாவும் 1958-இல் எழுதிய கணக்கு இது. இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கரைசலில் உப்பின் நெருக்கடி ஏற ஏற, விளிம்பு இன்னும் குறுகிய சந்திலும் புகுந்துவிடும். எவ்வளவு மருந்து போட்டாலும் அதற்கொரு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால், அதுவரை நின்ற உப்பெல்லாம் ஒரேயடியாக இறங்கும். கேன் விற்கிறவர் இதைச் சொல்வதில்லை.

தனி அயனி ஒன்று தடையாக ஒட்டிக்கொண்டால், வெப்ப அதிர்வில் சற்று நேரத்தில் கழன்றுவிடும். பாலி அக்ரிலிக் அமிலம் போன்ற பாலிமரின் கதை வேறு. அதன் சங்கிலி நெடுக, இரண்டு கார்பனுக்கு ஒன்று என்ற கணக்கில், எதிர்மின் சுமையுள்ள கார்பாக்சில் தொகுதிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் படிகப் பரப்பில் ஒரு கால்சியத்தைப் பிடிக்கும். மரவட்டையைச் சுவரிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாலு காலைப் பெயர்த்தால் நாற்பது கால் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பிடி விட்டாலும் மற்றவை விடாததால், சங்கிலி பரப்பிலேயே கிடக்கிறது. ஆயிரம் லிட்டருக்குச் சில கிராம் போதும் என்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

சரி, நீளம் கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. இவ்வேலைக்கு மூலக்கூறு எடை சில ஆயிரம் இருந்தால்தான் சரிப்படும். எடை இலட்சங்களைத் தாண்டினால் ஒரே சங்கிலி இரண்டு மூன்று துகள்களை ஒருசேரப் பிடித்து முடிச்சுப்போட்டு, கலங்கிய நீரை அடிக்கு இறக்கிவிடும். அது வேறு வேலை. நம் பாட்டிமார் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தது அந்த இரண்டாவது வேலை. கொட்டையிலிருக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் மண்துகள்களைச் சேர்த்துக் கட்டின.

தடுக்கப்பட்ட படிகம் வளரவே வளராது என்றில்லை. வளரும், உருவம் கெட்டு வளரும். கூர்முனைகள் மழுங்கும், முகங்கள் உருளும், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. கல்லாக ஒட்டாமல் சேறாகக் கிடக்கும், திறந்துவிட்டால் ஓடிவிடும். நீராவி யந்திரக் காலத்துக் கொதிகலன்காரர்களுக்கு இது கோட்பாடு வருவதற்கு முன்பே தெரியும். கொதிகலனுக்குள் உருளைக்கிழங்கைப் போட்டு வைப்பார்கள். அதன் மாவுச்சத்து நீரில் பரவி, காரை தகட்டில் ஒட்டாமல் பார்த்துக்கொண்டது. மரப்பட்டைகளின் துவர்ப்புப் பொருளான டானின் பிறகு அந்த இடத்துக்கு வந்தது. 1940-களில் பிரெஞ்சு ரயில்வேயின் லூயி அர்மான், ரயில் எஞ்சின்களுக்கு வகுத்த நீர்ச் சீரமைப்பு முறையிலும் டானின் ஒரு முக்கியச் சரக்கு.

டானின் என்றதும் இந்த அவையில் தேயிலை நினைவு வராமல் போகாது. வாட்டி, உருட்டி, பரப்பி வைத்த கொழுந்தில், செல்கள் உடைந்து நொதி வெளியே வந்ததும், இலையின் சிறு பாலிஃபீனால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பெரிய மூலக்கூறுகளாகின்றன. பச்சை இலை செம்பழுப்பாவது அப்போதுதான். 1929 முதல் போ தோட்டத்திலும், 1933 முதல் பாரத் தோட்டத்திலும் தேயிலைக்காரர்கள் செய்துவருவது, கொஞ்சம் உரிமை எடுத்துச் சொன்னால், ஒரு பாலிமர் தொழிலும்கூட.

அந்தப் பெருமூலக்கூறுகள் கால்சியத்தோடு என்ன செய்யும் என்று இங்கே பார்க்க முடியாது. தானா ராத்தாவுக்கு வரும் நீர் கருங்கல் மலையில் ஊறி வருவது. சுண்ணாம்பு மிகக் குறைவு. தாப்பா வழியாக இறங்கி ஈப்போ பக்கம் போனால் சுண்ணாம்புக் குன்றுகள். கோப்பெங் அருகே குவா தெம்புரோங் குகைக்குள் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளெல்லாம் துளித்துளியாய் வந்த கரைசல் விட்டுப்போன படிகம். லண்டன் நீரும் சுண்ணாம்பு கலந்த கடின நீர்தான். அங்கே பால் விடாத தேநீரின் மேல் மெல்லிய பழுப்பு ஏடு படரும். இம்பீரியல் கல்லூரியின் ஸ்பைரோவும் ஜகான்யியும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் அதற்கு விடை சொன்னார்கள்: நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்திருந்தால்தான் ஏடு கட்டும், அதில் கால்சியம் கார்பனேட்டும் தேயிலையின் பெருமூலக்கூறுகளும் கலந்திருக்கின்றன. ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்தால் ஏடு கட்டாது. அந்நாட்டின் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று தேநீர்க் கோப்பையை இத்தனை கவனமாகப் பார்த்ததில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

பி தொட்டியிலிருக்கும் பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. கே.டி.பி. என்று படிக வல்லுநர்கள் அழைக்கும் அதே உப்புதான் லேசர் ஒளியின் நிறத்தை மாற்றும் படிகம். அமெரிக்காவின் தேசிய இக்னிஷன் ஆய்வு நிலையத்துக்காக 300 கிலோவைத் தாண்டும் ஒற்றைப் படிகங்களைக் கரைசலிலிருந்து வளர்த்தார்கள்; பழைய முறையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்த வேலை, புது முறையில் இரண்டு மாதமாகக் குறைந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம், பேராசிரியர் பி. ராமசாமி வழிநடத்தியது, இந்தத் துறையில் பெயர் பெற்ற இடம். அவரும் சங்கரநாராயணனும் 2005-இல் வெளியிட்ட முறையை உலகெங்கும் ‘எஸ்.ஆர். முறை’ என்றே சொல்கிறார்கள்: கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விதைப் படிகத்தை வைத்து, வேண்டிய ஒரே திசையில் படிகத்தை நிமிர்த்தி வளர்ப்பது. அந்த மையத்தில் இவ்வகைப் பாஸ்பேட் கரைசலில் ஈ.டி.டி.ஏ. சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஏ தொட்டியில் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருப்பது அதே ஈ.டி.டி.ஏ. தான். ஆனால் அங்கே அது செய்வது தலைகீழ் வேலை. கரைசலில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் இரும்பு, குரோமியம், அலுமினியம் போன்ற உலோகங்கள்தாம் படிக விளிம்பில் ஒட்டித் தடுப்பவை. ஈ.டி.டி.ஏ. அந்த உலோகங்களைக் கவ்விக்கொள்வதால் விளிம்பு விடுபட்டு ஓடுகிறது. சேர்க்கைப் பொருள் என்றாலே தடை என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவு சொல்லியும், உப்பு என்றால் நீங்கள் நினைக்கும் உப்பைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. சோறு வடிக்கப் போடும் உப்பு இந்தப் பாலிமர்களுக்கு எளிதில் மசிவதில்லை. ஜிப்சம் 100 மில்லி நீரில் கால் கிராம் அளவே கரையும். சோடியம் குளோரைடு 36 கிராம் கரையும். அத்தனை அயனிகள் நெருக்கியடிக்கும் இடத்தில் பாலிமரின் மின்சுமைகள் மறைக்கப்பட்டு, நீட்டி நின்ற சங்கிலி சுருண்டுவிடும். சோடியத்துக்கு ஒற்றைச் சுமை. கால்சியத்தைப் பிடித்த பிடி அதனிடம் கிடைக்காது. அதன் விளிம்பைப் பிடிக்க வேறு ஆள் தேவை. ஃபெர்ரோசயனைடு அயனி, நடுவில் இரும்பும் சுற்றி ஆறு சயனைடுமாக, படிகத்தில் ஆறு குளோரைடு சூழ்ந்த ஒரு சோடியத்தின் இடத்தில் அச்சாக அமர்ந்துகொள்கிறது. மில்லியனில் சில பங்கு போதும், தூள் உப்பு கட்டி தட்டாது. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். இரும்பு அந்தச் சயனைடை விடாமல் பிடித்திருக்கிறது, உணவுச் சட்டங்களும் மிகச் சிறிய அளவுக்கே அனுமதி தருகின்றன. இன்னொரு பழைய சேதி: 1783-இல் பிரெஞ்சுப் படிகவியலர் ரோமே த லீல், சிறுநீரிலிருந்து வளர்த்த உப்பு கனசதுரமாக வராமல் எண்முகியாக வருவதைப் பதிவு செய்தார். காரணம் யூரியா. ஓர் அந்நியப் பொருள் படிகத்தின் உருவத்தையே மாற்றும் என்பதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. அவர் எப்படி அந்தச் சோதனைக்கு வந்து சேர்ந்தார் என்று கேட்காமலிருப்பது நல்லது.

தூத்துக்குடி உப்பளங்களில், முள்ளக்காட்டிலும் வேப்பலோடையிலும் ஆறுமுகநேரியிலும், யாரும் பாத்தியில் பாலிமர் ஊற்றுவதில்லை. கடல்நீரோ கிணற்று உவர்நீரோ பாத்தி பாத்தியாக நகர, அதன் அடர்த்தியைக் காட்டும் டிகிரி ஏறும். முதலில் கால்சியம் கார்பனேட் விழும், பிறகு ஜிப்சம், 25 டிகிரியை ஒட்டி உப்பு பூக்கத் தொடங்கும். 30-ஐ நெருங்குமுன் எஞ்சிய கசப்பு நீரைத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் மெக்னீசியம் உப்பில் ஏறும். இந்த வரிசைக்குள் மனிதர் சேர்க்காத ஒரு பாலிமர் நுழைவதுண்டு. நீரில் ஊட்டச்சத்து மிகுந்தால் அஃபனோதீசி என்ற நுண்பாசி பெருகி, கொழகொழவென்ற சர்க்கரைச் சங்கிலிகளைக் கக்கும். உவர்நீர் தடித்துப்போகும், அயனிகள் நகர்வது மெதுவாகும். கல்லுப்பாகத் திரள வேண்டியது பொடியாக, உள்ளே கசப்பு நீரைப் பொதிந்துகொண்டு, ஈரம் உலராமல் வரும். உப்பளங்களின் உயிரியலை ஆராய்ந்த ஜோசப் டேவிஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பாத்தியில் மிதக்கும் ஆர்ட்டீமியா என்ற இறால்வகைச் சிற்றுயிரி பாசியையும் கசடையும் தின்று நீரைத் தெளிவாக வைத்திருக்கும். அது தூத்துக்குடிப் பாத்திகளிலும் உண்டு. வாரும் உப்பின் தரத்தில் அந்தச் சிற்றுயிரிக்கும் பங்கிருக்கிறது.

அதே தூத்துக்குடியில் கடலுக்குள் இறங்கினால் இந்தக் கதையின் மிக அழகான பக்கம் இருக்கிறது. முத்து. வேதியியல்படி அதுவும் உப்புதான். கால்சியம் கார்பனேட், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு. அரை மைக்ரோமீட்டர் பருமனுள்ள தகடுகளாக அடுக்கப்பட்டது. எஞ்சிய ஐந்து பங்கில் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் அஸ்பார்ட்டிக் அமிலம் மிகுதி, அதாவது பாலி அக்ரிலிக் அமிலத்தில் பார்த்த அதே கார்பாக்சில் தொகுதிகள் வரிசையாக. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் கே. அழகர்சாமி தலைமையில் இந்தியச் சிப்பியில் வளர்ப்பு முத்து உருவாயிற்று. சிப்பிக்குள் வைத்த மணி மேல் தகடு தகடாக ஏறியது மன்னார் வளைகுடா நீரிலிருந்து சிப்பி எடுத்த கால்சியம்.

சிப்பி ஓட்டுப் புரதத்தைக் கரைத்தெடுத்து வீலரும் கூட்டாளிகளும் 1981-இல் சோதித்தபோது அது கால்சியம் கார்பனேட் விழுவதைத் தடுத்தது. ஓடு கட்ட உதவ வேண்டிய புரதம் ஏன் தடுக்கிறது என்பது புதிராக இருந்தது. 1985-இல் அடாடியும் வெய்னரும் காட்டிய விடை: இத்தகைய புரதம் கரைசலில் தனியே மிதந்தால் தடை, ஒரு பரப்பில் பதிந்துவிட்டால் அதுவே படிகத்துக்கு வித்திடும் இடம். ஒரே சங்கிலி, இருக்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு தொழில். பாலிமர் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால், எங்கே இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். ஓட்டுப் புரதங்களைப் பற்றிய இத்தகைய ஆய்வுகளின் வழியில் பாலி அஸ்பார்ட்டேட் தொழிலுக்கு வந்தது. மண்ணில் சிதையக்கூடியது என்பதற்காக அதைத் தயாரித்த டோன்லார் நிறுவனத்துக்கு 1996-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. பாலி அக்ரிலேட் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. பாஸ்பரஸ் உள்ள மருந்துகள் வடிகாலில் இறங்கினால் கடைசியில் பாசிக்குத் தீனி. பெர்த்தாம் ஆற்றுக்கும் ரிங்லெட் ஏரிக்கும் மேலே நின்று பயிர் செய்கிற நாம், விலை சற்றுக் கூடினாலும் சிதையும் சரக்கையே கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, தள்ளிப்போட்ட உப்பு கடைசியில் எங்கே விழுகிறது என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தெருவோரக் குடிநீர் ஆலையிலிருந்து சென்னைக்கு வடக்கே 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் ஆலை போன்ற பெரிய நிலையங்கள் வரை ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் சவ்வுதான். சவ்வு நல்ல நீரைப் பிரித்தெடுக்கும்போது மறுபக்கம் உப்பு செறிந்துகொண்டே போகும். சவ்வின் மேல் படிந்தால் சவ்வு போயிற்று. அதனால் நுழைவாயிலில் ஒரு டோசிங் பம்ப், ஒரு கேன் ஆன்டிஸ்கேலன்ட், அதாவது முன்பு சொன்ன அதே வகைப் படிவுத்தடுப்பு மருந்து. நீர் சவ்வைத் தாண்ட எடுக்கும் நேரம் சிறிது. அந்தச் சிறு நேரத்துக்கு உப்பைப் பிடித்துவைத்தால் போதும். கடலோர ஆலையில் செறிந்த உவர்நீர் கடலுக்கே திரும்புகிறது.

கடல் இல்லாத திருப்பூரில் அப்படி முடியாது. சாய ஆலைக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, உழவர்கள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதிக்கு உட்பட்டுத்தான் மீண்டும் திறந்தார்கள். அங்கே ஆர்.ஓ. முதல் கட்டம் மட்டுமே. கழிந்த நீர் ஆவியாக்கிகளுக்கும் படிகமாக்கும் கலன்களுக்கும் போகும். சோடியம் சல்பேட்டை அங்கே படிகமாகப் பிரித்து, சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கடினத்தைக் குறைக்க இடையில் கால்சியத்தை வீழ்த்தவும் வேண்டியிருக்கும். முதல் கட்டத்தில் எது விழாமலிருக்க மருந்து போட்டார்களோ, அது இப்போது விழுந்தாக வேண்டும். ஆனால் மருந்து சவ்வைக் கடப்பதில்லை. கழிந்த நீரிலேயே, முன்னைவிடச் செறிவாக, உடன் வருகிறது. உப்பின் விளிம்பை அது இன்னும் விடவில்லை. ஆர்.ஓ. கழிவிலிருந்து கால்சியத்தை வீழ்த்த முயன்ற ஆய்வாளர்கள் இந்தத் தொல்லையைக் கண்டு, முதலில் ஓசோனைச் செலுத்திச் சங்கிலியை உடைத்துவிட்டு அப்புறம் உப்பை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மருந்துக்குக் காசு, அதை முறிக்க இன்னொரு காசு. ஆகையால் முதல் கேனை வாங்கும்போதே, கடைசிக் கலனில் நிற்கிற ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவைத் தீர்மானிப்பதுதான் சிக்கனம்.